அடுத்த ஆண்டு விலை ஏறுமா?

 

யுகாதி வந்தால் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள். எந்த ராசிக்கு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று சொல்வார்கள். பெங்களூரில் பலரும் அதை ஆவலோடு கேட்பார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் விதான சௌதாவில் இன்னொரு வரவு செலவு படிக்கிறார்கள். அதன் பெயர் பட்ஜெட். வரவு செலவுத் திட்டம் என்றும் சொல்வார்கள். பஸ் கட்டணம், டீசல் விலை, பத்திரச் செலவு, மாதம் வரும் உதவித் தொகை எல்லாவற்றுக்கும் அதோடு தொடர்பு உண்டு.

அடுத்த ஆண்டு வரி கூடுமா? விலை ஏறுமா? அரசாங்கம் எதற்குச் செலவு செய்யும்? இதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். அதற்கு ஜோசியம் வேண்டாம். எழுத்தும் கணக்கும் தெரிந்தால் போதும்.

முதலில் ஆண்டுக் கணக்கு. அரசாங்கத்தின் ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கும். மார்ச் 31-இல் முடியும். மத்திய பட்ஜெட் 2017 முதல் பிப்ரவரி 1-ஆம் தேதி படிக்கப்படுகிறது. கர்நாடக பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரியில் அல்லது மார்ச்சில் வரும்.

2025 மார்ச் 7 அன்று முதலமைச்சர் சித்தராமையா கர்நாடக பட்ஜெட்டைப் படித்தார். அதன் அளவு 4 லட்சத்து 9 ஆயிரத்து 549 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தொகை மனதில் நிற்காது. அதை 100 ரூபாயாகச் சுருக்கிப் பாருங்கள்.

கைக்கு வரும் 100 ரூபாயில் ஏறக்குறைய 72 ரூபாய் வருமானம். மீதி 28 ரூபாய் கடன்.

செலவாகும் 100 ரூபாயில் சுமார் 76 ரூபாய் அன்றாடச் செலவு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, உதவித் தொகை எல்லாம் இதில் அடங்கும். சுமார் 17 ரூபாய் சாலை, பாலம், கட்டடம் போன்றவற்றுக்கு. மீதி சுமார் 7 ரூபாய் பழைய கடனை அடைக்க.

இது குடும்பக் கணக்கைப் போலவே இல்லையா? வருமானம் போதாதபோது வீட்டில் என்ன செய்வார்கள்? செலவைக் குறைப்பார்கள். கூடுதலாகச் சம்பாதிப்பார்கள். அல்லது கடன் வாங்குவார்கள். அரசாங்கத்துக்கும் இந்த மூன்று வழிகள்தான். அரசாங்கம் கூடுதலாகச் சம்பாதிப்பது என்றால் பெரும்பாலும் வரியைக் கூட்டுவது என்று பொருள்.

எந்த வழியில் அது போகும்? அதைக் காட்டும் அடையாளங்கள் நான்கு.

முதல் அடையாளம், கொடுத்த வாக்கு. 2023 மே மாதம் கர்நாடகத்தில் தேர்தல் நடந்தது. புதிய அரசு ஐந்து உத்தரவாதத் திட்டங்களைக் கொண்டு வந்தது. 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பயணம். ஆகஸ்ட் 30 அன்று கிருகலட்சுமி தொடங்கியது. குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய். வீட்டுக்கு 200 யூனிட் வரை இலவச மின்சாரம். இவற்றோடு இலவச அரிசி, படித்து வேலையில்லாத இளைஞருக்கு உதவித் தொகை.

இவற்றால் பல பெண்களுக்கு நன்மை கிடைத்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண் பஸ் காசை மிச்சம் பிடித்தாள். கையில் சொந்தமாகப் பணம் இருந்தது. ஆனால் செலவும் பெரியது. 2025-26 பட்ஜெட்டில் ஐந்து திட்டங்களுக்கும் சேர்த்து 51,034 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 100 ரூபாயில் இது பன்னிரண்டரை ரூபாய். வாக்கு ஒரு முறை கொடுப்பது. செலவு ஆண்டுதோறும் வருவது. எனவே புதிய வாக்கு ஒன்றைக் கேட்டதும், "இதற்குப் பணம் எங்கிருந்து வரும்?" என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு வரிக்கான முதல் விடை அங்கே கிடைக்கும்.

இரண்டாவது அடையாளம், கடனுக்கு உள்ள வரம்பு. 2002-இல் கர்நாடகம் இதற்கு ஒரு சட்டம் போட்டது. மாநிலத்தில் ஓர் ஆண்டில் உண்டாகும் பொருள், செய்யும் வேலை எல்லாவற்றின் மதிப்பையும் 100 ரூபாய் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பற்றாக்குறை அதில் 3 ரூபாயைப் பொதுவாகத் தாண்டக் கூடாது. 2025-26 பட்ஜெட்டில் பற்றாக்குறை 2 ரூபாய் 95 காசு என்று மதிப்பிட்டார்கள். வரம்பைத் தொட இன்னும் 5 காசுதான் பாக்கி. இப்படி இருந்தால் அதிகக் கடன் வாங்க இடமில்லை. செலவைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் வரி, கட்டணங்களைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது அடையாளம், யார் கையில் எந்த வரி என்பது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. சோப்பு, பிஸ்கட், துணி போன்றவற்றின் வரியை ஒரு மாநிலம் தனியாக மாற்ற முடியாது. மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்த ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் முடிவு செய்யும். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு இந்த வரி குறைந்தது. சோப்புக்கும் பற்பசைக்கும் 18 சதவீதமாக இருந்தது 5 சதவீதமாயிற்று.

மாநிலத்தின் கையில் மீதி இருப்பவை எவை? பெட்ரோல், டீசல் மீதான விற்பனை வரி. மதுவின் மீதான வரி. வாகன வரி. பத்திரப் பதிவுக் கட்டணம். பணம் தேவைப்பட்டால் மாநில அரசு முதலில் இவற்றைத்தான் பார்க்கும். அப்படித்தான் நடந்தது. 2023 ஜூலை பட்ஜெட்டில் மது மீதான வரி உயர்ந்தது. 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் ஆனது. 10 லட்ச ரூபாய் சொத்துக்கு 10,000 ரூபாய் கட்டியவர் இனி 20,000 ரூபாய் கட்ட வேண்டும்.

நான்காவது அடையாளம், தேர்தல் தேதி. 2024 மார்ச் 8 அன்று மத்திய அரசு சமையல் கேஸ் விலையை 100 ரூபாய் குறைத்தது. மார்ச் 15 அன்று பெட்ரோல், டீசல் விலை 2 ரூபாய் குறைந்தது. மறுநாள் மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. ஜூன் 4 அன்று முடிவுகள் வந்தன. ஜூன் 15 அன்று கர்நாடக அரசு விற்பனை வரியைக் கூட்டியது. பெட்ரோலும் டீசலும் சுமார் 3 ரூபாய் ஏறின. இது ஒரு கட்சியின் பழக்கம் அல்ல. தேர்தலுக்கு முன் விலை குறையும். தேர்தல் முடிந்தபின் ஏறும். பல ஆட்சிகளில் மக்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லா உயர்வும் பட்ஜெட் நாளில் வராது. அரசு பஸ் கட்டணம் 2025 ஜனவரி 5 முதல் 15 சதவீதம் உயர்ந்தது. மெட்ரோ ரயிலின் அதிகபட்சக் கட்டணம் பிப்ரவரி 9 முதல் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாயிற்று. ஏப்ரல் 1 முதல் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் கூடியது. அன்றே வரி உயர்வால் டீசலும் 2 ரூபாய் ஏறியது. பஸ் கட்டணத்தை உயர்த்தியது மாநில அரசு. மெட்ரோவுக்குத் தனிக் குழு, மின்சாரத்துக்குத் தனி ஆணையம். பட்ஜெட்டில் வரி கூடவில்லை என்று கேட்டதும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

இதை வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். தினம் ஒரு லிட்டர் பால் வாங்கும் வீட்டில் மாதம் 120 ரூபாய் கூடும். வீட்டு ஆண்கள் பஸ்ஸுக்கு மாதம் 1,000 ரூபாய் செலவு செய்தால் இனி 1,150 ரூபாய். இரண்டும் சேர்ந்து 270 ரூபாய். மறுபக்கத்தில் கிருகலட்சுமி 2,000 ரூபாயையும், பெண்களுக்கு மிச்சமாகும் பஸ் காசையும் எழுதுங்கள். அப்போது உங்கள் வீட்டுக்கு லாபமா நஷ்டமா என்று உங்களுக்கே தெரியும். யாரோ மேடையில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். உதவித் தொகை சில சமயம் தாமதமாக வந்திருக்கிறது. அதை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? முடியாது. 2020 மார்ச் 5 அன்று கர்நாடக பட்ஜெட் படிக்கப்பட்டது. மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு நாடெங்கும் வந்தது. கடைகள் மூடின. போட்ட கணக்கு தப்பிப் போனது. மழை பொய்த்தாலும், வெளிநாட்டில் போர் மூண்டாலும் கணக்கு மாறும். அதனால்தான் பட்ஜெட் புத்தகத்தில் திருத்திய மதிப்பீடு என்று ஒரு கட்டம் இருக்கிறது. சென்ற ஆண்டு சொன்னது எவ்வளவு, அது பிறகு எவ்வளவாக மாறியது என்று அதில் தெரியும். ஒரு திட்டத்துக்கு 100 ரூபாய் என்று சொல்லி 60 ரூபாய்தான் தந்தார்களா? அப்படியானால் இந்த ஆண்டுப் பேச்சையும் கொஞ்சம் கவனமாகவே கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பட்ஜெட் படித்த பிறகு குறை சொல்வது எளிது. முன்பே கேட்பதுதான் பலன் தரும். டிசம்பரிலும் ஜனவரியிலும் துறைகள் கணக்குத் தயாரிக்கும். உங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டுமா? பிள்ளைகளின் பள்ளிக்குக் கழிப்பறை வேண்டுமா? அப்போதே மனு எழுதுங்கள். சங்கப் பெண்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் வந்ததும் அந்த வேலைக்குப் பணம் ஒதுக்கினார்களா என்று போய்க் கேளுங்கள்.

முன்பு கைநாட்டு வைத்த விரல்கள் இன்று எழுதுகின்றன. அந்த எழுத்து வீட்டுக் கணக்கோடு நிற்க வேண்டாம். நாட்டுக் கணக்கையும் அது கேட்கட்டும்.