ஊர்ப் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

(அருப்புக்கோட்டையில் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வக்ஃபு என்றால் மேடையில் முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். ஆனால், நம் பள்ளிவாசலுக்கும் கபர்ஸ்தானுக்கும் உரிய நிலம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு தாளில் பிழையில்லாமல் எழுதிக் காட்ட நம்மில் எத்தனை பேரால் முடியும்?

2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 6ஆம் நாள் ‘உமீத்’ என்னும் மத்திய இணையப் பதிவேடு தொடங்கப்பட்டது. ஒவ்வொரு சொத்தையும் அது இருக்கும் இடத்தின் பூகோளக் குறியோடு அதில் ஏற்ற வேண்டும் என்றார்கள். செப்டம்பர் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. பதிவுக் கடமையை நிறுத்தவில்லை. சட்டத்தை எதிர்த்து வாதாடுவது ஒரு பக்கம். நம் பட்டியலை நாம் சரியாக வைத்திருப்பது மறு பக்கம். பதிவு ஏறியிருந்தாலும், ஏறாமல் நின்றாலும், கட்டத்தில் ஓர் எண் பிசகினால் வழக்கில் அதுவே நமக்கு எதிரான சாட்சியாகும்.

முதலில் மாவட்டக் கட்டம். 1985 வரை நம் பகுதி ராமநாதபுரம் மாவட்டம். பிறகு காமராஜர் மாவட்டம். 1997 முதல் விருதுநகர் மாவட்டம். பழைய பதிவேட்டில் ‘ராமநாதபுரம்’ என்று இருப்பதை அப்படியே நகல் எடுத்தால், அதே பெயரில் இன்றும் வேறொரு மாவட்டம் இருக்கிறது. நம் நிலம் அங்கே போய்விடும். திருச்சுழிச் சகோதரர்களுக்கு இன்னொரு சிக்கல். உங்கள் தாலுகா விருதுநகர் மாவட்டம். நாடாளுமன்றத் தொகுதியோ ராமநாதபுரம். மாவட்டம் ஒரு கட்டம், தொகுதி வேறொரு கட்டம். இரண்டையும் கலக்காதீர்கள்.

அடுத்து ஊர்ப் பெயர். அருப்புக்கோட்டையை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஒரு ‘கே’ போடுகிறார், மற்றவர் இரண்டு போடுகிறார். கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு ஊர்கள். ஆகவே பெயரோடு குறி எண்ணும் வேண்டும். வணிகர்களுக்கு இது புதிதல்ல. உங்கள் ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்குகிறதே, அது தமிழ்நாட்டின் குறி. 626101 என்றால் அருப்புக்கோட்டை என்று தபால்காரருக்குத் தெரியும். மக்கள் தொகைக் கணக்கிலும் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனிக் குறி எண் உண்டு.

மூன்றாவது சர்வே எண். 12/3 என்று எக்செல்லில் அடித்துப் பாருங்கள். அதைத் தேதியாக மாற்றிவிடும்! அந்தக் கட்டத்தை ‘எழுத்து’ என்று முதலிலேயே அமைத்துவிட்டு அடிக்க வேண்டும். பழைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

நான்காவது அட்சரேகை, தீர்க்கரேகை. நம் ஊர் ஏறத்தாழ 9.5 வடக்கு, 78.1 கிழக்கு. இரண்டையும் இடம் மாற்றினால் வடதுருவத்துப் பனிக்கடலில் நம் பள்ளிவாசல் நிற்கும்! அதைப் பார்த்தவுடன் பிழை என்று தெரிந்துவிடும். தெரியாத பிழைதான் ஆபத்து. 9 டிகிரி 30 நிமிடம் என்பது 9.5, அதை 9.30 என்று எழுதினால் நிலம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும்.

இதெல்லாம் நமக்கு அந்நியமான கலையா? 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மி, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகைப் பட்டியல் எழுதி வைத்தார். நம் ஊரிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல, வடக்காக ஏறத்தாழ 22 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று சொல்வதும் இந்த இரண்டு எண்களைக் கொண்டுதான்.

பட்டியல் முடிந்ததும் வரைபடத்தில் புள்ளிகளாக இட்டுப் பாருங்கள். ஊருக்கு வெளியே விழும் புள்ளி எது, ஒன்றின் மேல் ஒன்று விழுவது எது என்று கண்ணுக்கே தெரியும். பிறகு தாலுகா வாரியாகப் பட்டா உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று ஒரு விளக்கப்படம் போடுங்கள். முத்தவல்லியும் ஜமாஅத்தாரும் எந்த நிலத்துக்கு முதலில் ஓட வேண்டும் என்பதை அது சொல்லும்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் இரண்டு இளைஞர்கள், கணக்குத் தெரிந்த ஒரு வணிகர் முன்வாருங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, நிலத்தில் கால் வைத்து நின்று எழுதுங்கள். முன்னோர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்ததை ஓர் எண் பிழையால் இழந்தோம் என்ற பழி நமக்கு வேண்டாம். இன்ஷா அல்லாஹ், செய்து முடிப்போம்.

வஸ்ஸலாம்.