போட்ட வரி எத்தனை நாள் நிற்கும்?

கஞ்சமலை அடிவாரத்தில் ஷிப்டு முடித்து நேராக இங்கே வந்திருக்கும் சேலம் உருக்காலைத் தோழர்களே!

எவர்சில்வர் தகடு இறக்குமதிக்கு வரி வேண்டுமா, வேண்டாமா என்று டிவியில் வாதம் நடக்கிறது. நான் கேட்பது வேறு. போட்ட வரி எத்தனை நாள் நிற்கும்?

2017 செப்டம்பரில் சீனத் தகட்டுக்கு 18.95 சதவீதம் மானிய எதிர்ப்பு வரி போட்டார்கள். அந்த நாட்டு அரசு மானியம் கொடுக்கிறது என்று விசாரித்துத்தான் போட்டார்கள். ஐந்தாண்டு என்றார்கள். 2021 பட்ஜெட்டில் நிறுத்தி வைத்தார்கள்; 2022 பட்ஜெட்டில் அடியோடு எடுத்தார்கள். அதே 2022 மே மாதம், நாம் வெளிநாட்டுக்கு விற்றால் 15 சதவீதம் ஏற்றுமதி வரி! நவம்பரில் அதுவும் போனது. வருகிறவனுக்கு வாசல், போகிறவனுக்குப் பூட்டு. என்ன நிர்வாகமய்யா இது?

எவர்சில்வரில் சேரும் நிக்கலை வாங்குகிற அன்றே நம் தகட்டின் அடக்கவிலை பாதி முடிவாகிவிடுகிறது. உருக்கி, ஸ்லாப் வார்த்து, சுடச்சுட உருட்டி, அமிலத்தில் கழுவி, மறுபடி குளிரில் உருட்டிக் காயிலாகச் சுற்ற நாள் பிடிக்கும். நடுவில் டில்லியிலிருந்து வரியை எடுத்ததாக ஒரு அறிவிக்கை வரும். வாங்க வந்த வியாபாரி, "துறைமுகத்துல இதைவிட மலிவுங்க" என்று திரும்பிப் போவார். யார்டில் கிடக்கும் காயிலுக்கு யார் பொறுப்பு? பிறகு, "ஆலை நட்டத்தில் ஓடுகிறது, தனியாருக்கு விற்போம்" என்றார்கள். உங்கள் சட்டைப்பையில் கிடக்கும் நாணயத்துக்கு வில்லை வெட்டிக் கொடுத்த ஆலை, தோழர்களே!

2025 ஏப்ரலில் 12 சதவீதம் பாதுகாப்பு வரி வந்ததே என்பார்கள். வந்தது, சாதா உருக்குத் தகட்டுக்கு. எவர்சில்வர் அதில் இல்லை.

பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் சகோதரர்கள் நம்மேல் கோபமாக இருக்கிறார்கள். வரி போட்டால் தகடு விலை ஏறும், குடம் விற்காது என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இந்தோனேசியாவைப் பாருங்கள். 2020இல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடுத்தான். உருக்காலைகளைத் தன் மண்ணுக்கே வரவழைத்தான். அந்தத் தகடு ஆசியான் ஒப்பந்தச் சலுகையோடு இங்கே இறங்குகிறது. உள்ளூர் ஆலை மூடிய மறுநாள் அவன் சொல்வதுதான் விலை. அப்போது பட்டறைக்காரர் யாரிடம் போய்ப் பேரம் பேசுவார்?

மானியம் நிரூபணமானால் வரி போடு. சொன்ன ஐந்தாண்டு முடியும்வரை அதில் கைவைக்காதே. சிறு பட்டறைகளுக்கு இடைத்தரகர் இல்லாமல் ஆலையிலிருந்தே தகடு கொடு. இந்த மூன்றையும் நாடாளுமன்றத்தில் கேட்காத எம்.பி. ஓட்டுக்கு வந்தால், வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள்!