ஊர்ப் படத்திலிருந்து உலகப் படத்துக்கு

(மாலைநேர வகுப்பு எடுக்கும் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, நான் வாத்தியார் இல்லை. வங்கியில் எழுத்தர், கவிதையும் எழுதுகிறவன். பூகோளம் பேச உனக்கென்ன தகுதின்னு கேட்கலாம். தினமும் முகவரிகளைப் படிக்கிறவன் என்பதுதான் தகுதி. கடன் மனுவில் 'காலனித் தெரு' என்றிருந்தால் போதும், பக்கத்து மேசைக்காரரின் குரல் மாறிவிடும். பெயரைக்கூடப் பார்க்க மாட்டார்.

நான் படித்த பள்ளியில் பூகோளம் என்றால் மனப்பாடம்தான். மிசிசிப்பி எங்கே கடலில் சேருது, தென்னாப்பிரிக்காவில் என்ன தோண்டுறாங்க. எழுதினோம், மார்க் வாங்கினோம். அந்த ஆற்றோரம் யார் குடியிருக்கிறார்கள், தோண்டுகிறவன் எங்கே படுக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. எங்க ஏரி கோடி போனால் தண்ணீர் முதலில் சேரிக்குள்தான் வரும். ஊர் மேட்டில் இருக்கும். ஏன் என்று வகுப்பில் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. தலையெழுத்துன்னு அம்மா சொன்னாள், நம்பினேன்.

ஆகவே முதல் பாடம், பிள்ளைகள் தங்கள் ஊரை வரையட்டும். மேடு எது, பள்ளம் எது, குடிதண்ணீர், சுடுகாடு, பஸ் நிற்கும் இடம் எங்கே. அதற்குப் பிறகு பேப்பரை விரியுங்கள்.

2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸில் தடுப்புக் கரைகள் உடைந்து நகரின் 80 சதவீதம் மூழ்கியது. ஆற்றோர மேட்டில் இருந்த பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு பெரும்பாலும் தப்பியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த லோயர் நைன்த் வார்டு அழிந்தது. வெள்ளையர் வீடுகளும் மூழ்கத்தான் செய்தன. ஆனால் வீடு கட்டக் கொடுத்த பணத்தைக் கணக்கிடும்போது புயலுக்கு முந்தைய சந்தை விலையையும் பார்த்தார்கள். அதே அளவு வீட்டுக்குக் கறுப்பர் தெருவில் விலை குறைவு, பணமும் குறைந்தது. வங்கிக்காரனுக்கு இந்தக் கணக்கு நல்லாவே புரியும்.

தென்னாப்பிரிக்காவுக்குப் போங்கள். யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரிக்க 1950இல் சட்டமே போட்டார்கள். 1966இல் கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மணலும் காற்றும் வீசும் கேப் சமவெளிக்குத் துரத்தினார்கள். அங்கே சட்டப் புத்தகத்தில் எழுதினார்கள். இங்கே எழுதாமலே நடந்தது.

இன்றும் நடக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் அடையாறு, கூவம் கரையோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம் அது. வெள்ளத்திலிருந்து காப்பாற்ற ஈரத்துக்கே அனுப்பினால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

எந்தச் செய்தி வந்தாலும் நாலு கேள்வி: அது எங்கே இருக்கு? அங்கே யார் இருக்காங்க? ஏன் அங்கே இருக்காங்க? அவங்களை அங்கே வைத்தது யார்?

2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் சொல் போனாலும் பள்ளம் அங்கேயேதான் இருக்கும். பள்ளத்தில் நம்மை வைத்தது தலையெழுத்து இல்லை, மனுஷன் போட்ட கோடு என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அழிக்க முடியும் என்பதும் தெரிந்துவிடும். நாளை வகுப்புக்குப் போகும்போது அட்லஸோடு அன்றைய பேப்பரையும் எடுத்துப் போங்கள்.

ஜெய்பீம்.