தண்டவாளம் யார் வீட்டு வாசலில் போகிறது?

(டெலானிபூரில் நடைபெற்ற மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரயிலே இல்லாத ஊரில் ரயிலைப் பற்றிப் பேசுவதா என்று வாசலில் நின்ற தோழர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஹாடோ துறைமுகத்தில் கப்பல் ஏறி, மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டே போய், சென்னைத் துறைமுகத்தில் மூட்டை முடிச்சோடு இறங்குகிற நம் குடும்பத்தார் முதலில் தேடுவது எதை? கடற்கரை ஸ்டேஷனை அல்லவா? அங்கிருந்து வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் போய்ச் சேருவது எதிலே? ஆகவே சென்னையின் ரயில் நம்முடைய ரயிலும்தான். நம் பிள்ளைகள் படிப்பதும் வேலை தேடுவதும் அந்த நகரத்தில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வளருகிற ஊரில் புதிய பாதை எப்படித் திட்டமிடப்படுகிறது, யாரைக் கேட்டுப் போடப்படுகிறது, யாரைக் கேட்காமல் போடப்படுகிறது என்பதற்குச் சென்னையைவிட நல்ல பாடம் நமக்குக் கிடையாது. அந்தப் பாடம் நாளைக்கு இந்தத் தீவிலும் நமக்கு வேண்டியிருக்கும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போயிற்று. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையை ஒட்டித்தான் மாம்பலமும் சைதாப்பேட்டையும் குரோம்பேட்டையும் பெருகின. ரயில் முன்னே போயிற்று, ஊர் பின்னே வந்தது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஊர் முன்னே ஓடிற்று, ரயில் பின்னே நொண்டியது. பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை ஆகிய நகரங்களின் போக்குவரத்தை ஆராய 1965இலேயே திட்டக் கமிஷன் ஒரு குழுவை அமைத்தது. 1970களில் ஆய்வுகள் நடந்தன. நகரத்தின் உள்ளே பறக்கும் ரயில் போட 1983-84இல் ஒப்புதல் வந்தது. முதல் வண்டி சேப்பாக்கம் வரை வந்தது 1995 நவம்பரில். மயிலாப்பூரைத் தொட்டது 1997 அக்டோபரில். திருவான்மியூருக்கு 2004 ஜனவரியில். வேளச்சேரிக்கு 2007 நவம்பரில். 1965இல் பிறந்த குழந்தை வேளச்சேரி வரை ரயிலில் போக நாற்பத்திரண்டு வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

கல்கத்தாவும் காத்திருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அங்கே 1972 டிசம்பரில் அடிக்கல் நாட்டி, 1984 அக்டோபர் 24ஆம் தேதி நாட்டின் முதல் சுரங்க ரயிலை ஓட்டினார்கள். மூன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் சென்னையைவிடப் பதினோரு ஆண்டு முந்தி ஓட்டினார்கள்.

பாதை போட இடம் எங்கே கிடைத்தது? இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். வீடும் கடையும் நெருக்கிய ஊரில் நிலம் எடுத்தால் பணம் செலவாகும், வழக்கு வரும். ஆகவே பக்கிங்காம் கால்வாயைப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை உப்பும் விறகும் ஏற்றிப் படகு போன நீர்வழி அது. அந்தக் கால்வாயிலும் கரையிலும் தூண்களை நட்டு, மேலே பாதையைக் கொண்டுபோனார்கள். நீர் போக வேண்டிய இடத்தில் தூண் நின்றது. மழைக்காலத்தில் அந்தக் கரைகளில் வசிப்பவரைக் கேட்டால் அதன் விலை என்னவென்று சொல்லுவார்கள்.

சென்னையின் கால்வாய்க் கரைகளில் குடியிருந்தவர்கள் யார்? மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், வீட்டு வேலை செய்த பெண்கள், மீன் விற்றவர்கள். அவர்கள் கையில் ரேஷன் கார்டு இருந்தது, ஓட்டு இருந்தது, பட்டா இல்லை. ரயிலுக்கென்றும் சாலைக்கென்றும் கால்வாய்ச் சீரமைப்புக்கென்றும் கரைகள் காலி செய்யப்பட்டபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகருக்கு லாரியில் அனுப்பப்பட்டன. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே எழுந்தன. வீடு கிடைத்தது, பிழைப்பு போயிற்று. காலையில் மயிலாப்பூரில் பாத்திரம் தேய்த்த பெண், விடியுமுன் எழுந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். அவள் குடிசை இருந்த இடத்தின் மேலே ரயில் போயிற்று. அவள் போன இடத்துக்கு ரயில் இல்லை!

அதே பாதையின் மறுமுனையைப் பாருங்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர். வேலை 2008இல் தொடங்கிற்று. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் நிலத்தில் வழக்கு வந்தது. அந்த ஐந்து கிலோமீட்டர் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியும் இழுத்துக்கொண்டே போயிற்று. நில உரிமையாளர்கள் நியாயமான இழப்பீடு கேட்டார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, அதை நாங்கள் குறை கூற மாட்டோம். எங்கள் கேள்வி வேறு. பட்டா இருந்தவர் கோர்ட்டுக்குப் போனார், பாதை நின்றது. பட்டா இல்லாதவர் லாரியில் ஏறினார், பாதை போயிற்று. ஒரே திட்டத்தில் இரண்டு நீதியா?

அடுத்து, போட்ட பாதை ஏன் நிறையவில்லை? நாங்கள் ரயில்வேயில் எழுத்து வேலை பார்ப்பவர்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு ஒரு விஷயம் தெரியும்: பயணி ரயிலுக்காக வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை, வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் கிளம்புகிறான். வீட்டு வாசலிலிருந்து வேலை வாசல் வரை உள்ள வழி முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். பறக்கும் ரயிலிலோ ஸ்டேஷன்கள் மாளிகை போல எழுந்தன. கீழே பஸ் வரவில்லை, நடைபாதை இல்லை, விளக்கு எரியவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் அந்தப் படிக்கட்டுகளில் தனியாக ஏற எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? ரயிலுக்கு ஒரு எஜமான், பஸ்ஸுக்கு ஒரு எஜமான், ரோட்டுக்கு வேறொரு எஜமான். மூவரும் ஒரு மேஜையில் உட்காரச் சட்டம் 2010இல்தான் வந்தது. அந்த ஆணையத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பஸ்ஸுக்கும் மின்சார ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே டிக்கெட் என்ற ஏற்பாடு 2025 செப்டம்பரில் வந்தது. முதல் வண்டி ஓடி முப்பது ஆண்டுக்குப் பிறகு ஒரே டிக்கெட்!

2023 ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நாலாவது பாதை போடும் வேலைக்காக, வேளச்சேரி வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டன. ஏழு மாதம் என்றார்கள். மறுபடி கடற்கரை வரை வண்டி வந்தது 2024 அக்டோபர் 29ஆம் தேதி, பதினான்கு மாதம்! அந்தப் பதினான்கு மாதமும் கப்பலில் இறங்கிய நம் ஜனங்கள் மூட்டையோடு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி நின்றார்கள். நாலாவது பாதை வேண்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. சொன்ன கெடு தவறினால் பயணிக்குப் பதில் சொல்பவர் யார் என்றே கேட்கிறோம்.

இப்போது சென்னையில் மெட்ரோ வந்துவிட்டது. 2015 ஜூன் 29ஆம் தேதி கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கி, 2021இல் விம்கோ நகர் வரை நீண்டு 54 கிலோமீட்டர் ஆயிற்று. இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், ஏறக்குறைய 119 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. சென்னைப் பெருநகர எல்லையும் 1,189 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022இல் விரிந்தது. பகுதி வளருகிறது, பாதை வேண்டும், சந்தேகமில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம் வழியாகவும் ஒரு பாதை வருகிறது. கண்ணகி நகர்ப் பெண்ணுக்கு ரயில் ஒருவழியாகப் பக்கத்தில் வருகிறது என்று மகிழ்வோம். ஆனால் அவளால் டிக்கெட் வாங்க முடியுமா? பறக்கும் ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் 10 ரூபாய். பறக்கும் ரயிலை மெட்ரோவோடு சேர்க்கும் திட்டம் பல ஆண்டாகப் பேசப்படுகிறது. சேர்க்கட்டும், விளக்கு எரியட்டும், படிக்கட்டு நகரட்டும். ஆனால் அந்த ஐந்து ரூபாய் டிக்கெட்டைத் தொடக் கூடாது. சீசன் டிக்கெட்டைத் தொடக் கூடாது. ஏழை ஏற முடியாத ரயில் எத்தனை வேகமாகப் போனால் என்ன?

தோழர்களே, இனி நம் தீவுக்கு வருவோம். போர்ட் பிளேயரிலிருந்து டிக்லிபூர் வரை சுமார் 240 கிலோமீட்டர் ரயில் பாதை போடப் போவதாக 2017இல் செய்தி வந்தது நினைவிருக்கும். ஏறத்தாழ 2,400 கோடி ரூபாய் ஆகும் என்றார்கள். பத்திரிகையில் வந்தது, பூமியில் ஒரு தண்டவாளம் இறங்கவில்லை. நடுவே ஜாரவா மக்களின் காடு இருக்கிறது. அவர்கள் காட்டுக்குள் போகும் டிரங்க் ரோட்டின் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. இன்றும் வண்டி போய்க்கொண்டுதான் இருக்கிறது. நமக்குப் பாதை வேண்டும் என்பதற்காக அவர்கள் காட்டைப் பிளக்கச் சொல்ல நமக்கு வாய் வருமா? கால்வாய்க் கரைக்காரனுக்காக அழுதுவிட்டு, காட்டுக்காரனை மறந்தால் நாம் பேசும் நீதி பொய்யாகிவிடும்.

பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் மாறிய இந்த ஊரும் வளருகிறது. ரயில் வராவிட்டாலும் ரோடு அகலமாகும், மேம்பாலம் வரும், கடற்கரையோரம் திட்டங்கள் வரும். அன்று நம்மில் எத்தனை பேர் கையில் காகிதம் இருக்கும்? 1978க்கு முன் குடியேறியவர், பின் குடியேறியவர் என்று காட்டு நிலத்தில் கோடு போட்டு நம் ஜனங்களைப் பிரித்த கதை இந்தத் தீவுக்குப் புதிதல்ல. நிலமெடுப்புச் சட்டம் 2013 நில உடைமையாளரை மட்டுமல்ல, அந்த நிலத்தை நம்பி மூன்று ஆண்டு பிழைத்த குத்தகையாளரையும் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கிடச் சொல்லுகிறது. ஆனால் கணக்கில் ஏற, காட்ட ஒரு சான்று வேண்டாமா?

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு வேலையை வைக்கிறோம். கோஷம் அல்ல, வேலை. டெலானிபூரில் தொடங்கி, ஜங்லிகாட், கராச்சர்மா, புரோத்ராபூர் என்று வீடு வீடாகப் போய் ஒரு பதிவேடு எழுதுவோம். குடும்பத் தலைவர் பெயர், வந்த ஆண்டு, ரேஷன் கார்டு, கரண்ட் பில், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, தொழில் செய்யும் இடம். தமிழர் வீடு மட்டுமல்ல. பக்கத்து வீட்டு வங்காளியையும் தெலுங்கரையும் ராஞ்சிக்காரரையும் சேர்த்தே எழுதுவோம். ரோடு போடுகிறவன் மொழி பார்த்துப் போடுவதில்லை.

திட்டம் போடுகிறவர் மேஜையில் வரைபடம் இருக்கும். அந்த வரைபடத்தில் நம் வீடு ஒரு வெற்றிடமாக இருக்கும். அந்த இடத்தில் இன்னார் வாழ்கிறார் என்று எழுதுவது நம் கடமை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இதே இடத்துக்கு வாருங்கள்.