சர் தி. முத்துசாமி ஐயரும் தலைமை நீதிபதிப் பதவியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைமை நீதிபதியாக 1801 முதல் 1835 வரை இருந்த ஜான் மார்ஷல், அரசமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என 1803-இல் தீர்ப்பளித்து, அப்பதவியை அரசின் பிற உறுப்புகளுக்கு இணையாக உயர்த்தினார். 1862-இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. அவருடைய தீர்ப்புக்கும் மேலாக, பேரரசின் இறுதி மேல்முறையீடுகளைக் கேட்ட பிரிவி கவுன்சில் இலண்டனில் இருந்தது. எனினும், ஆங்கிலேயருக்கே உரியதாகக் கருதப்பட்ட அந்த இருக்கையில் ஓர் இந்தியர் அமர்ந்ததன் பொருளை, அவர் ஏறிவந்த படிகளைக் கொண்டே அளவிட வேண்டும்.

ஏறிவந்த படிகள்

1832-இல் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் வறிய குடும்பத்தில் பிறந்த முத்துசாமி ஐயர், சிறுவயதில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்த்தார். தாசில்தார் ஒருவரின் ஆதரவால் சென்னையில் படித்து, 1854-இல் கட்டுரைப் போட்டியொன்றில் அவர் வென்ற 500 ரூபாய், அப்பழைய சம்பளக் கணக்கில் நாற்பது ஆண்டு ஊதியத்தையும் விஞ்சியது. 1856-இல் தரங்கம்பாடி முன்சீப், அதாவது உரிமையியல் வழக்குகளை முதலில் விசாரிக்கும் கீழமை நீதிபதி, ஆனார். பின்னர்த் தஞ்சையில் டெப்டி கலெக்டராகவும், மங்களூரில் சார்பு நீதிபதியாகவும், 1868 முதல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாகவும் பணியாற்றினார்.

காவேரிப்பாக்கம் ஏரியின் மதகுத் தண்ணீரைப் பற்றி அக்காலத்தில் இரு ஆயக்கட்டுதாரர்கள் வழக்காடியிருந்தால், அது முன்சீப் கோர்ட்டில் தொடங்கி, வட ஆற்காட்டின் தலைநகராக இருந்த சித்தூர் வழியாகவே சென்னையை அடைந்திருக்கும். வரப்பும் பாகப்பிரிவினையும் அடமானமும் வழக்காக உருவெடுக்கும் அந்தக் கீழ்ப்படியிலேயே பழகியவர் என்பது, பின்னாளில் மேல்முறையீடுகளைக் கேட்ட முத்துசாமி ஐயரின் தனிவலிமை.

எதிர்ப்பும் பொறுப்பும்

1878-இல் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியானபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்நியமனத்தைக் கண்டித்தன. அதற்கு மறுமொழி கூறவே ஜி. சுப்பிரமணிய ஐயர் முதலிய ஆறு இளைஞர்கள், அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று, 80 பிரதிகளுடன் 'தி இந்து' இதழைத் தொடங்கினர். தாய்வழி உரிமைமுறையாகிய மருமக்கத்தாயத்தைப் பின்பற்றிய மலபார்க் குடும்பங்களின் திருமணத்தை ஆராய 1891-இல் அமைந்த ஆணையத்துக்கும் அவரே தலைமை தாங்கினார்.

1893-இல் சில மாதங்கள் அவர் பொறுப்புத் தலைமை நீதிபதியாக, அதாவது நிலையான தலைமை நீதிபதி இல்லாத இடைக்காலத்தில் அப்பணியை ஆற்றுபவராக, இருந்தார். 1895 ஜனவரியில் அவர் மறைந்தபின், வெறுங்காலுடன் அமர்ந்த கோலத்தில் அவருடைய பளிங்குச் சிலை உயர் நீதிமன்றத்திலேயே நிறுவப்பட்டது. எனினும், நிலையான தலைமை நீதிபதியாக ஓர் இந்தியர், பி. வி. இராஜமன்னார், பொறுப்பேற்க 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தகுதிக்குச் சான்று 1893-லேயே கிடைத்துவிட்டமையால், இடைப்பட்ட 55 ஆண்டுத் தாமதத்துக்கு ஆட்சிமுறையே விடை கூற வேண்டும்.