தொழிற்கல்வியும் உபகாரச் சம்பளமும்

(கூடலூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



விடியுமுன் எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகவேண்டிய தாய்மார்கள் இந்நேரம் வரையில் இங்கு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, சுற்றி வளைத்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. ஆகவே சொல்ல வந்ததை நேராகவே சொல்லிவிடுகிறோம். தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகள் வைத்தியம், இஞ்சினீயரிங், சட்டம் முதலிய தொழிற்படிப்புக்குப் போனால் சர்க்கார் கொடுக்கும் உபகாரச் சம்பளம், அதாவது இன்று உதவித்தொகை என்று சொல்லப்படுவது, நியாயமான முறையில் கொடுக்கப்படுகின்றதா என்பதே இன்றையப் பேச்சு.

இதைக் கேட்டவுடன் சிலர், "கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கியிருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?" என்பார்கள். பணம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எப்போது வருகிறது என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியைக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1895ல் கட்டி முடித்த பெரியாறு அணையில் நீர் இருக்கிற வருஷங்களில், ஜூன் முதல் தேதி தண்ணீர் திறந்தால் இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் முதல் போகம் நடக்கிறது. நாற்றங்கால் காய்ந்து கருகிய பிறகு மதகைத் தூக்கிவிட்டு, "சொன்ன கன அடியை ஒரு சொட்டுக் குறையாமல் கொடுத்துவிட்டோம், கணக்கைப் பார்" என்று ஒரு அதிகாரி சொன்னால் ஒப்புக்கொள்ளுவீர்களா? ஒப்புக்கொள்ளமாட்டீர்கள். ஆனால் உங்கள் பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் மட்டும் இதே கணக்கை ஒப்புக்கொண்டு சும்மா இருக்கிறீர்கள் என்பதுதான் நமது குறை.

தோழர்களே! 2024ல் நடந்ததைச் சொல்லுகிறோம். வடக்கே முசாபர்நகர் ஜில்லாவில் ஒரு தினக்கூலியின் மகன். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையன். பரீட்சையில் தேறி, தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடமும் பெற்றுவிட்டான். இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்டவேண்டும். கடைசி நேரம் ஜூன் 24ந் தேதி மாலை 5 மணி. அங்கும் இங்கும் கேட்டுப் பணம் சேர்ப்பதற்குள் நேரம் நெருங்கி, பணம் கட்டும் வழி அடைபட்டுப் போயிற்று. அந்தப் பையனுக்குப் புத்தி குறைவா? தகுதி குறைவா? ஒன்றுமில்லை. சில நிமிஷம் குறைந்தது, அவ்வளவுதான். அதற்காகச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய், செப்டம்பர் 30ந் தேதி தீர்ப்பு வாங்கிக்கொண்டு உள்ளே போகவேண்டியதாயிற்று. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வழி தெரியாமல், "நம் தலைவிதி இவ்வளவுதான்" என்று வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகளுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2020ல் சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் அவ்வருஷம் நவம்பரில் தனியார் கலாசாலைகளில் இடம் கிடைத்த சில பிள்ளைகள், கட்டணத்தைக் கேட்டதும் இடமே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் கட்டணத்தையும் சர்க்காரே கட்டும் என்ற அறிவிப்பு வந்தது. முதலில் இடம், பிறகு பணம் என்று இரண்டுக்கும் நடுவில் சில நாள் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் விழுந்தவர்கள் யார்? பணக்காரன் பிள்ளையா விழுந்தான்?

அம்பேத்கர் அவர்கள் கதையைத்தான் பாருங்களேன். 1913ல் பரோடா மன்னர் மாதம் 11½ பவுன் வீதம் மூன்று வருஷத்துக்குக் கொடுத்த உபகாரச் சம்பளத்தில் அவர் அமெரிக்கா போனார். பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவியின் தவணை முடிந்துவிட்டது. 1917ல் படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பலேற வேண்டியதாயிற்று. பரோடாவில் உத்தியோகத்துக்குப் போன இடத்தில் குடியிருக்க வீடு கொடுப்பாரில்லை. தாம் மிச்சம் பிடித்த பணம், கோல்காப்பூர் மகாராஜாவின் உதவி, ஒரு நண்பர் கொடுத்த கடன் இவற்றைச் சேர்த்துக்கொண்டு 1920ல் மறுபடி லண்டன் போய், 1923ல் தான் டாக்டர் பட்டம் பெற்றார். அப்பேர்ப்பட்டவருக்கே தவணை முடிந்ததால் மூன்று வருஷம் வீணாயிற்று என்றால், சாமானியப் பிள்ளையின் கதி என்ன? அவர் வைசிராய் சபையில் அங்கம் வகித்த காலத்தில் வற்புறுத்தியதன் பலனாகத்தான் 1944ல் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மேற்படிப்பு உபகாரச் சம்பளம் துவங்கியது. ஆகவே இது யாரோ தர்மப்பிரபு போட்ட பிச்சையல்ல. கேட்டு வாங்கிய உரிமை.

இன்றைய விதி என்ன சொல்லுகிறது? 2021ல் திருத்திய விதிப்படி, இந்த உதவியில் மத்திய சர்க்கார் பங்கு நூற்றுக்கு 60, மாகாண சர்க்கார் பங்கு 40. மாகாணப் பங்கு முதலில் பையன் கணக்கில் சேரவேண்டும். அதற்குப் பிறகே மத்தியப் பங்கு வரும். ஒரு கை கொடுத்தால்தான் மறு கை கொடுக்கும் என்றால், கலாசாலைக்காரன் அதுவரையில் காத்திருப்பானா? இதற்கு மருந்தும் அந்த விதியிலேயே இருக்கிறது. தகுதியுள்ள பிள்ளைக்கு ஒரு சீட்டுக் கொடுக்கவேண்டும். அதைக் காட்டினால் கலாசாலை முன்பணம் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, உதவி வந்த பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். விதி புஸ்தகத்தில் இருக்கிறது. பிள்ளை கையில் இருக்கிறதா என்பதே நமது கேள்வி.

வருமான வரம்பைப் பாருங்கள். இந்த 2021 விதியில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2½ லட்சத்துக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. புருஷனும் மனைவியும் ஆளுக்கு 400 ரூபாய் கூலியில், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு போக 313 நாள் வேலை செய்தால் என்ன வரும்? 2,50,400 ரூபாய்! 400 ரூபாய் அதிகமாகிவிட்டது. ஆகவே அவர்கள் ஏழைகள் அல்லவாம்! ஆனால் 2019ல் மேல்ஜாதி ஏழைகளுக்கென்று அரசியல் சட்டத்தைத் திருத்தி 10 சதவிகிதம் ஒதுக்கினார்களே, அங்கே ஏழைக்கு வரம்பு என்ன? 8 லட்சம்! அதாவது மாதம் 66,000 ரூபாய்க்கு மேல் வருபவரும் ஏழை. "அது இடத்துக்கு, இது பணத்துக்கு, இரண்டையும் ஒப்பிடலாமா?" என்று சிலர் கேட்கலாம். ஒப்பிடலாம். ஏழை என்பவன் யார் என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றுதானே? ஒரே நாட்டில், ஒரே கடையில் அரிசி வாங்குகிறவர்களுக்குள், ஜாதிக்கு ஒரு ஏழ்மை அளவு எப்படி வந்தது? மனு தர்மம் செத்துவிட்டது என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கட்டணம் போக, தொழிற்படிப்புக்கு விடுதியில் தங்கும் தாழ்த்தப்பட்ட மாணவனுக்கு அதே விதியில் வருஷத்துக்கு 13,500 ரூபாய் போட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 37 ரூபாய். இதில் அவன் சாப்பிடுவதா, புஸ்தகம் வாங்குவதா, ஊருக்கு வந்து போவதா?

மதம் மாறியவர்கள் சங்கதி இன்னும் வேடிக்கையானது. 1950ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி, தாழ்த்தப்பட்டவர் கிறிஸ்தவராகிவிட்டால் மத்திய சர்க்கார் கணக்கில் அவர் தாழ்த்தப்பட்டவர் அல்ல. தமிழ்நாட்டு சர்க்கார் தன் சொந்தப் பணத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கு உதவுகிறது. மாதா கோயிலுக்குப் போன பின்பும் ஜாதி அவரை விடுவதில்லை. உதவித்தொகை மட்டும் விட்டுவிடுகிறது!

இனி சர்டிபிகேட் விஷயம். இந்த ஊருக்குத் தெற்கே லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடி இருக்கிறது. அங்கிருந்து ஒரு பளியர் பெண் படித்து மேலே வந்தால், பழங்குடி என்ற ஜாதிச் சான்றைத் தாசில்தார் கொடுக்க முடியாது, உத்தமபாளையம் ஆர்.டி.ஓ.தான் கொடுக்கவேண்டும். தாய் தகப்பன் ஒரு நாள் கூலியை விட்டுப் போய், அதிகாரி இல்லையென்று திரும்பி, மறுபடி போவதற்குள் கலாசாலைக் கெடு முடிந்துவிடும். மலையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவனை, "நீ மலையில் இருப்பவன்தானா?" என்று கேட்பது என்ன நியாயம்? அதிகாரிகள் அல்லவா குடிக்குப் போய், பிள்ளை பத்தாவது படிக்கும்போதே கொடுத்துவிட்டு வரவேண்டும்?

"இப்படியெல்லாம் கொடுத்தால் தகுதி கெட்டுவிடும்" என்பார்கள். தோழர்களே! 2010ல் குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை வந்தது. இன்று நம் ஜில்லாவிலேயே க.விலக்கில் வைத்தியக் கலாசாலையும், போடியில் சர்க்கார் இஞ்சினீயரிங் கலாசாலையும், தேனியில் சட்டக் கலாசாலையும் இருக்கின்றன. தகுதி கெட்டுவிட்டதா? பட்டணத்து டாக்டர் வரமாட்டேன் என்ற ஊர்களுக்கு நம் பிள்ளைகள் டாக்டராகப் போயிருக்கிறார்கள். கெட்டது தகுதியல்ல, சிலரது ஏகபோகம்.

முடியாத காரியத்தையும் நாம் கேட்கவில்லை. 2022 முதல் சர்க்கார் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போன பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அவர்கள் கணக்கிலேயே போடும் திட்டம் நடக்கிறது. அங்கே மாதா மாதம் போடுவதென்று வைக்க முடிகிறபோது, இங்கே மட்டும் பருவம் தவறுவதேன்? ஆகவே நாம் கேட்பது நான்கு. கலாசாலை வாசலில் பணம் கேட்காமல் சேர்க்கவேண்டும். உதவித்தொகை முதல் பருவத்திலேயே வரவேண்டும். ஏழைக்கு ஒரே வரம்பு, 8 லட்சமென்றால் எல்லோருக்கும் 8 லட்சம் என்று இருக்கவேண்டும். சான்றுகள் பள்ளிக்கூடத்திலேயே கிடைக்கவேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருப்பதா? சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் செலவாகும் பணம் கொஞ்சமா? தீச்சட்டி எடுத்த கையில் அடுத்த மாதம் பிள்ளையின் கட்டணத்துக்குக் காசில்லை. அந்தச் செலவில் ஒரு பங்கை ஊர்ப் பொதுவில் போட்டு வையுங்கள். ஜூனில் கட்டணத்துக்கு வட்டியில்லாமல் கொடுங்கள். உபகாரச் சம்பளம் வந்ததும் திருப்பிக் கட்டட்டும். அடுத்த வருஷம் அடுத்த பிள்ளைக்கு. இது சர்க்கார் கடமைக்கு மாற்றல்ல. மதகு திறக்கும்வரை நாற்றங்காலுக்கு ஊற்றும் குடத்துத் தண்ணீர்.

கடைசியாக ஒன்று. பிள்ளை படிப்பு நின்றுபோனால் "எழுத்து அப்படி" என்று சொல்லாதீர்கள். அந்த எழுத்தைத் தலையில் எழுதினவன் எவனுமில்லை. அது சர்க்கார் விதியிலும் கலாசாலை நோட்டீசிலும் மனிதன் எழுதியது. மனிதன் எழுதியதை மனிதன் அடித்துத் திருத்தலாம். அந்தக் காரியத்தில் தாய்மார்கள் முன்னே நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு இதை முடித்துக்கொள்கிறோம்.