கேள்வி நம் ஊரிலிருந்து எழட்டும்



நம் ஊரான முத்தையாபுரத்தைச் சுற்றி உப்பளங்கள். விடியும் முன்பே பாத்திக்குள் இறங்கும் தொழிலாளிக்கு இரண்டு வாரமாக இருமல் என்று வையுங்கள். அவர் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போய்விடும். அப்படிப்பட்டவருக்கு எந்தச் சிகிச்சை ஒத்துவரும்? இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்ன மாநிலம் நம்முடையது.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்து, சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறு பாதிக்கு அதே மருந்தை வீட்டிலேயே கொடுத்தார்கள். நெருக்கமான வீடு, அரைகுறைச் சாப்பாடு. ஆனாலும் வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவில் குணமானார்கள்; அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959-இல் முடிவு வெளியானதும், சானடோரியத்தில் கிடந்தால்தான் காசநோய் தீரும் என்ற உலகின் நம்பிக்கை ஆட்டம் கண்டது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தால், நுரையீரலில் அடங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி தலைதூக்கும். இரு நோயும் சேர்ந்தவருக்கு வாரம் மூன்று நாள் மாத்திரை போதுமா, தினமும் வேண்டுமா? அதே சென்னை மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 331 பேரிடம் சோதித்தது. தினசரி மருந்தில் 91 சதவீதத்தினர் நலமடைந்தார்கள். வாரம் மூன்று நாள் முறையில் 77 சதவீதம்தான். அந்த ஆய்வுக்குச் சம்மதித்து, மாதக்கணக்கில் சளி மாதிரி கொடுத்த நோயாளிகளே அதன் முதல் பங்காளிகள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

2022-இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோயாளிக்கு உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு என்ன, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? இந்த ஐந்தையும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். ஒரு செவிலியர் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய வேலை இது. இதற்குப் பின்னாலும் மாநில அரசும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து செய்த உழைப்பு இருக்கிறது.

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமர்ந்தாலும், காசநோயாளி ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர் வரும்போதெல்லாம் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை என நான்கையும் கேளுங்கள். பதிவேட்டை ஒழுங்காக எழுதுங்கள். மருந்தை நிறுத்தியவரைத் திட்டாதீர்கள். ஏன் நிறுத்தினார் என்று கேட்டு, அதையும் குறித்து வையுங்கள். வசதி குறைந்த ஊரில்தான் மிக அவசியமான கேள்விகள் எழுகின்றன. அவற்றைக் கேட்கும் தகுதியை இந்தப் பட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது.